சில்லறை

காலை ஐந்தரைக்கு எழுந்து
பித்தான்களை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு
சமையலறை வாசலில் நிற்கிறார்.
"டிக்கெட், மதாம்."

மாவுக் கையைக் கவுனில் துடைத்துவிட்டு
பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துத் தருகிறேன்.
முதியவர்களுக்கு பஸ் இலவசம் என்று
அரசாங்கம் சொல்லி இருபது வருஷமாகிறது.
முதலில் அட்டையைக் காட்டிப் பார்த்தேன்.
திருப்பிப் பார்த்தார், என் படத்தைப் பார்த்தார்,
"இதெல்லாம் இங்கே செல்லாது" என்றார்.
அவருடைய பஸ்ஸில் நான் கிழவியில்லை.
அதற்கு ஒரு ரூபாய் அதிகமில்லை.

மின்சார பில்லைக் கிழித்து டிக்கெட் தருவார்.
போன வாரம் கிழித்தது
கந்தோஸ் ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி எழுதிக் கொடுத்த சீட்டு.
துண்டுகளைச் சேர்த்து ஒட்டி
நவம்பர் என்பதுவரை கண்டுபிடித்தேன்.
நாள் கிடைக்கவில்லை.

அங்கே டாக்டர் பெயர் கேட்டபோது
வில்லை எண்ணைச் சொன்னார்: நானூற்றுப் பன்னிரண்டு.
சரியான எண்தான்.
முப்பத்தோரு வருஷம் அந்தச் சட்டைக்கு
இஸ்திரி போட்டவள் நான்.
டாக்டர் தவறு என்று குறித்துக்கொண்டாள்.

எப்படிச் சமாளிக்கிறாய் என்று
மெல்பர்னிலிருந்து கோமளா கேட்கிறாள்.
அடுப்பின் திருகுகளைக் கழற்றி
தலையணைக்கடியில் வைத்துப் படுக்கிறேன்.
வெளிக்கதவில் மேலே ஒரு தாழ்ப்பாள்,
அவர் கைக்கு எட்டாத உயரமில்லை,
நிமிர்ந்து பார்க்க அவர் மறந்துவிட்ட உயரம்.
டெப்போவில் வண்டி கழுவும் நாள் என்று சொல்லிக்
குளிக்கக் கூப்பிடுகிறேன்.
சில நாள் வருகிறார். சில நாள் சோப்பு பறக்கிறது.
கோமளாவிடம் சொன்னது:
"பரவாயில்லை, நன்றாகச் சாப்பிட்டார்."

பிப்ரவரியில் புயல், மூன்றாம் எச்சரிக்கை.
தீவில் ஒரு சக்கரம் உருளவில்லை.
அவர் மட்டும் ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.
தாழ்ப்பாள் இல்லாத இடத்தையெல்லாம் உலுக்கினார்.
என்னைத் திருடி என்றார்,
பைப்பணத்தை எடுத்தவள் என்றார்,
விடிந்ததிலிருந்து இருபதாவது தடவை.
அடித்தேன்.
புறங்கையில். சத்தம் கேட்கிற அளவுக்கு.
பிறகு குளியலறை இருட்டில்
குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
வெளியே வந்தபோது சிவந்த கையை நீட்டி
"எங்கேயோ இடித்துக்கொண்டேன் மதாம்,
எண்ணெய் இருக்கிறதா?" என்றார்.
அவர் மறந்துபோனதை மன்னிப்பு என்று
என் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.
தேய்த்துவிட்டேன்.

சாயங்காலம்தான் கஷ்டம்.
ஸ்டான்லி தகரக் கூரைகளைவிட்டு வெயில் இறங்கும்போது
அவருக்குள் எதுவோ வேகமெடுக்கிறது.
"எங்கே இறங்கணும்?"
போ பாஸேன் என்று சொல்லிவிடக் கூடாது.
இரண்டு நிமிஷத்தில் மணியடித்து என்னை இறக்கிவிட்டு
மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.
க்யூர்பிப் என்று சொல்ல வேண்டும்.
தூரம், ஏற்றம்.
காத்ர் போர்ன் சொல்வார், பீனிக்ஸ் சொல்வார்,
"சன்னலைச் சாத்துங்க, மேலே மழை" என்பார்.
ஃப்ளோரெயால் வருவதற்குள் தலை சாய்ந்துவிடும்.
க்யூர்பிப்புக்கு இப்போது டிராம் ஓடுகிறது.
நான் சொல்லவில்லை.

நேற்று தூங்கவில்லை.
சோபாவில் என் பக்கத்து இடத்தைத் தட்டி,
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"இதில் யாரையும் உட்கார விடாதீங்க, மதாம்.
அடுத்த ஸ்டாப்பில் என் வீட்டுக்காரி ஏறுவாள்.
நிற்க முடியாது அவளால்.
ஏழாம் மாசம்."

துணிக்கூடையைத் தூக்கித் தரையில் வைத்தேன்.
கொஞ்சம் நகர்ந்தும் உட்கார்ந்தேன்.
அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
நானும் பார்த்தேன்,
வந்துவிடுவாள் என்பதுபோல.

பதினொன்றரைக்குப் படுத்தார்.
அரிசியில் மூன்று, செருப்பில் இரண்டு,
வாயிலிருந்து கெஞ்சி வாங்கியது ஒன்று.
கழுவி டின்னில் போட்டேன்.
இன்னும் நான்கு குறைகிறது.
மூலைக் கடை எட்டு மணிக்குத்தான் திறக்கும்.
ஐந்தரைக்கு ஒன்று போதும்.